பன்னிரண்டு காட்டிய பலகை

செங்கோட்டை மரவாடி ஒன்றில், முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வேலாண்டி, மரம் உலர்த்தும் வேலை கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயதுதான். இருந்தாலும் அவருக்கு ஜெசிந்தா டீச்சர்.

ஜெசிந்தா வெளியூர் போயிருந்த நான்கு நாளும் மரத்தைக் காயவைக்கும் சூட்டறையை வேலாண்டி தனியாகப் பார்த்துக்கொண்டார். உள்ளே மாதா கோயில் கதவுக்கான தேக்குப் பலகைகள்.

ஐந்தாம் நாள் காலை ஜெசிந்தா வந்தபோது பலகைகள் வெளியே அடுக்கியிருந்தன.

"ஈரம் எவ்வளவு அண்ணாச்சி?"

"மீட்டர் சரியா பன்னிரண்டு சதவீதம் காட்டுது டீச்சர். ஒரு விரிசல்கூட இல்ல."

"சூட்டைக் கூட்டினீங்களா?"

வேலாண்டி பலகை அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல டீச்சர்."

ஜெசிந்தா ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, விரல் கனத்துக்கு ஒரு துண்டு எடுத்தார். அந்தத் துண்டின் நடுப்பகுதியைச் சிறு கைரம்பத்தால் அறுக்கத் தொடங்கினார்.

"காய்ஞ்ச மரம்தானே டீச்சர்? இன்னும் எதைப் பாக்கணும்?"

நடுப்பகுதி கழன்று விழுந்தது. மிச்சமிருந்தது கவட்டை போல இரண்டு கால்கள். வேலாண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை உள்பக்கம் வளைந்தன. நுனியோடு நுனி முட்டி நின்றன.

"வேகமா காய்ஞ்சதுல உள்ளுக்குள்ள இவ்வளவு இழுத்துப் பிடிச்சிருக்கு. இதை ரம்பத்துல வச்சா பிளேடைக் கவ்விக்கிட்டு ஆள் மேல பாயும்."

பக்கத்துக் கொட்டகையில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது.

வேலாண்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது. டீச்சர் வரும் முன்பே, மரம் அறுக்கும் மைதீனிடம் ஒரு பலகையைத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

"மைதீன்! விலகு! விலகிரு!"

கத்திக்கொண்டே ஓடினார். குரல் கேட்டு மைதீன் ஒதுங்கவும், பலகை ரம்பத்தை உதறிக்கொண்டு பின்னால் பாயவும் சரியாக இருந்தது. மைதீன் சட்டையை உரசிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

ஜெசிந்தா வந்து ரம்பத்தை நிறுத்தினார். மைதீன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"கூட்டினேன் டீச்சர்," என்றார் வேலாண்டி. "பத்து டிகிரி. ரெண்டு நாள். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுக் காட்டணும்னு..."

வேலாண்டி கீழே கிடந்த பலகையைப் பார்த்தார்.

"அவ்வளவு பலகையும் இனி விறகுதானா?"

"இல்ல. திரும்ப சூட்டறையில வச்சு நீராவி விட்டா உள்ள இருக்கிற பிடி விடும்."

வேலாண்டி தலை நிமிரவில்லை.

"நான் வீட்டுக்குப் போயிடறேன் டீச்சர். இனிமே வரல."

ஜெசிந்தா கீழே கிடந்த பலகையின் ஒரு முனையைத் தூக்கினார்.

"அந்தப் பக்கம் பிடிங்க, அண்ணாச்சி."