கூடைக் கத்தரிக்காய்க்குக் கேட்ட கிரீடம்

வெகு காலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டை வண்ணமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவருக்கு. ஜலதோஷம் பிடித்த அன்று, நாட்டில் யாரும் மோர் குடிக்கக்கூடாது என்று முரசு அறைந்தார். மறுநாள் மூக்கு சரியானதும், எல்லாரும் குடித்தே தீரவேண்டும் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. யார் பக்கத்தில் நின்று பேசினாலும் நம்பிவிடுவார், அவ்வளவுதான்.

எப்போதும் அவர் பக்கத்தில் நின்று பேசியவர் பிரதானி அரங்கராயர். பிறத்தியார் வீட்டுக் கொல்லையில் பூசணி காய்த்தாலும் அவருக்கு வயிறு எரியும்.

அந்த நாட்டில் ஏரிமேடு என்று ஒரு குடியிருப்பு. வறட்சியில் சொந்த நிலத்தை விற்றுத் தின்றுவிட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒன்றுசேர்ந்த நாற்பது குடும்பங்கள். ராஜாவின் அப்பா அவர்களுக்குக் கல்லும் முள்ளுமாக ஒரு மேட்டைக் கொடுத்திருந்தார். பட்ட அடியை மறக்காதவர்கள், ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மண் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, என்றைக்கும் பொதுவில் இருக்கும். கட்டின வீடு கட்டினவருக்கு. பிள்ளைகளும் இருந்து ஆளலாம். ஊரை விட்டுப் போகிறவர் வீட்டுக்கு உண்டான விலையை வாங்கிக்கொண்டு போகலாம். மண்ணை மட்டும் விற்க முடியாது. இதைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேர்: ஊருக்குள் மூவர், அண்டை ஊரார் இருவர். அந்த மூவரில் ஒருத்தி மருதாயி.

ஏரி வெட்டி, மேடு பச்சைப்பசேலென்று ஆனதும் அரங்கராயருக்குத் தூக்கம் போயிற்று. அங்கே ஒரு மாளிகை கட்டினால் எப்படியிருக்கும்! ஓலையும் எழுத்தாணியுமாக ஒரு சேவகனை அனுப்பினார். அவன் வீடு வீடாகப் போய், “இந்த நிலம் உன்னுடையதா?” என்று கேட்டான்.

“எங்களது இல்லீங்களே,” என்றார்கள் நாற்பது வீட்டாரும். வெள்ளந்தி ஜனங்கள். வெயிலில் வந்தவனுக்கு மோர் வேறு கொடுத்து அனுப்பினார்கள்.

அரங்கராயர் அந்த ஓலையை ராஜா முன்னால் விரித்தார். “பிரபோ! அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். உடையவன் இல்லாத பொருள் கேட்டவனுக்கு. நான் கேட்கிறேன்.”

“அப்படியா சங்கதி?” என்றார் ராஜா. “நாளைக் காலையில் நிலத்துக்கு உடையவர் யாரென்று வந்து சொல்லட்டும். இல்லாவிட்டால் உமக்குத்தான்.”

செய்தி வந்ததும் மருதாயி என்ன பதில் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஒருவர் பேரைச் சொன்னால், அந்த ஒருவரை அரங்கராயர் மிரட்டியே வாங்கிவிடுவார். நாற்பது பேருக்கும் என்றால், பங்கு பிரித்து ஒவ்வொன்றாக விழுங்குவார். அவளுடைய அப்பாவின் நிலம் அப்படித்தான் போனது, வரப்பு வரப்பாக. யாருக்கும் இல்லை என்றாலோ, நாளைக்கே நடுத்தெரு. தன் கையால் மண் குழைத்து வைத்த சுவரைத் தடவிப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்க் கத்தரிக்காய் பறித்தாள்.

மறுநாள் கூடையோடு அவைக்கு வந்து நின்றாள்.

“யாரம்மா உடையவர்?” என்றார் ராஜா.

“சொல்றேன் மகாராசா. அதுக்கு முந்தி ஒரு ஏவாரம். இந்தக் கூடைக் கத்தரிக்காயை வச்சுக்கிட்டு உங்க கிரீடத்தைக் குடுப்பீங்களா?”

அவை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன திமிர்! கூடையை விடு, குதிரை யானை கொடுத்தாலும் இதை விற்க நான் யார்? என் பாட்டனார் சூடியது, அப்பா சூடியது, நாளைக்கு என் பேரன் சூடப்போவது. நடுவில் நான் வைத்துக் காப்பாற்றுகிறேன்!”

“அப்ப உங்களோடது இல்லீங்களா?”

“இல்லை என்றுதானே சொல்கிறேன்!”

மருதாயி திரும்பினாள். “பிரதானி ஐயா, ஓலையில எழுதிக்கங்க. மகாராசா அவர் வாயாலயே ஒப்புக்கிட்டார். உடையவன் இல்லாத பொருள் கேட்டவனுக்குன்னு நீங்கதான சொன்னீங்க? நான் கேட்டாச்சு.”

அரங்கராயருக்கு வேர்த்துக் கொட்டியது. “அ... அது எப்படி? ஒருவர் பேரில் இல்லையென்றால் அநாதைப் பொருளா? வழிவழியாக வருகிறவர்களுக்காகக் காத்து வைத்திருப்பது! அதை விற்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது!”

“ரொம்ப சரிங்கய்யா,” என்றாள் மருதாயி. “நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிட்டீங்க. எங்க மண்ணும் அதேதான். இனிமே பொறக்கப்போற பிள்ளைங்களுக்கும் அதுல இடம் இருக்கு. அவங்களைக் கேக்காம நாங்க எப்படி ‘எங்களது’ன்னு சொல்றது?”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சாய்ந்தது. அதை நிமிர்த்தி வைத்தபோது, வழக்கத்தைவிடப் பத்திரமாக வைத்தார். ஏரிமேட்டு மண்ணை யாரும், தாம் உட்பட, விற்கவோ பறிக்கவோ கூடாது என்று செப்பேட்டில் வெட்டச் சொன்னார்.

“இந்த அரங்கராயரை என்ன செய்யலாம்?”

“வர்ற வாரம் ஏரியில தூர் வார்றோம். வந்து மண் சுமக்கட்டும் மகாராசா. மோர் தர்றோம்.”

அவை கலைந்தது. கத்தரிக்காயை அரண்மனைச் சமையலுக்கே கொடுத்துவிட்டு மருதாயி வெறுங்கூடையோடு கிளம்பியபோது ராஜா மெல்லக் கூப்பிட்டார். “அப்படிப் பார்த்தால் இந்த அரண்மனையும் என்னுடையது இல்லையே அம்மா?”

“நீங்க கையால ஒரு செவுராவது வச்சதுண்டுங்களா?”

“இல்லை.” தம் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “மகனுக்குப் பட்டம் கட்டியபிறகு, உங்கள் மேட்டில் எனக்கு ஒரு குடிசை போட இடம் கிடைக்குமா?”

மருதாயிக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். “பதினாறு குடும்பம் காத்துக் கிடக்குங்க. உங்க பேரைப் பதினேழாவதா எழுதிக்கிறோம்.”

பிறந்ததிலிருந்து யாருக்கும் பின்னால் நின்றறியாத வண்ணமாறன் தாடியைத் தடவி யோசித்தார்.

“சரி,” என்றார். “நடுவில் எவனையும் புகவிட்டுவிடாதே!”