முதலாளியின் மீசை

அரிசி ஆலை முதலாளி சங்கரலிங்கத்தின் மீசையைக் கண்டால் கடைத்தெருவே வழிவிடும். அப்படிப்பட்டவர் ஒருநாள் இசக்கியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் தையல் தைத்துக்கொண்டே, வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய படங்களைச் சரிசெய்து கொடுப்பவள். அவர் கையில் இருந்தது காலமான அம்மாவின் ஒரே படம். மூக்குக்குக் கீழே கரையான் தின்றிருந்தது.

“பெரிய ஸ்டுடியோவிலேயே யாரோ ஒருத்தியோட வாயை ஒட்டிக் கொடுத்துட்டாங்க. இலவசமா இறக்கின மென்பொருளை வச்சு நீ என்னத்தைக் கிழிக்கப்போறே? கற்பனையா வரையக் கூடாது. எனக்கு எங்கம்மா வாய்தான் வேணும்.”

இசக்கியம்மாள் படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “முதலாளி யாரு ஜாடை?”

“நெத்தியும் கண்ணும் அப்பா. மூக்குக்குக் கீழே அப்படியே அம்மான்னு அக்கா சொல்லுவா.”

“அப்போ அம்மா வாய் இங்கேயேதான் இருக்கு. மீசைதான் மறைக்குது.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் காலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். அவள் சிரிக்கவில்லை. அவரைப் படமெடுத்து, உதட்டையும் மோவாயையும் வெட்டி அம்மா முகத்தில் பொருத்தினாள். மீசை மழித்த சொரசொரப்பை அழித்தாள், நிறத்தைப் பழுப்பாக்கினாள். திரையில் அம்மா முழுசாக வந்தாள்.

முதலாளி படத்தோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அக்கா படத்தைப் பார்க்கவேயில்லை. துண்டு விலகியிருந்த தம்பி முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “அம்மா,” என்றாள்.