டப்பா மூடி

சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு மேலே, புகையிலை பைப் பிடிக்கிற சாமியார் ஒருவர் இருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டுத் துறவியானவர். எதை எதையோ விட்டவர், இந்தப் பைப்பை மட்டும் விடவில்லை. ஏன் என்று கேட்டால், “அது என்னை விடுதான்னு பாக்கறேன்” என்பார்.

அவருடைய சீடர் தாண்டவராயன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். சேலத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு மலையேறி வந்துவிட்டார். சாமி அவரை ‘முதலாளி’ என்றுதான் கூப்பிடுவார். அது கேலியா மரியாதையா என்று தாண்டவராயனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்று காலை அவருடைய மகள் தமயந்தி வந்திருந்தாள். அம்மா போன நாளிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாதவள். கருமாதி வீட்டில்கூட, “அவருக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க” என்று சித்தியிடம் சொல்லி அனுப்பியவள். அப்படிப்பட்டவள் வாசலில் வந்து நின்றதும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் டீ போட்டார்.

டீ ஆறுவதற்குள் அவள் பேச ஆரம்பித்தாள்.

“அம்மா கடைசி நாள் பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தீபாவளி யாவாரம், கடைய அடைச்சுட்டு வந்துடறேன்னு சொன்னீங்க. சொன்ன மாதிரியே அடைச்சுட்டுத்தான் வந்தீங்க.”

அதோடு விடவில்லை. உங்களுக்கு எதுக்கு மலை, எதுக்கு சாமி என்றாள். நீங்க இங்க உட்கார்ந்து யாரை ஏமாத்தறீங்க என்றாள்.

“இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தியா?” என்றார் தாண்டவராயன்.

அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பஸ் நிற்கிற இடத்துக்கு இறங்கிப் போய்விட்டாள். அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான்.

தாண்டவராயன் அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்ததையே தேய்த்தார். கோபமாக வந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது, அதற்கு அவர் பெயர் வைக்க விரும்பவில்லை. இவள் இனி வரமாட்டாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

சாமி கூப்பிட்டார்.

“முதலாளி, என்னைப் பாக்க வந்த பாண்டிச்சேரிக்காரர் கொண்டுவந்த புகையிலை டப்பா இருக்குல்ல? அதைக் கொஞ்சம் திறங்க.”

தாண்டவராயன் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினார். மூடி ‘புஸ்’ஸென்று கிளம்பியது. கூடவே ஒரு நாற்றம். புளித்துப்போன காடியும் மாட்டுக்கொட்டகையும் சேர்ந்தாற்போல மூக்கில் ஏறியது. கையிலிருந்த மூடியைப் படாரென்று திரும்பப் போட்டு அழுத்தினார்.

“கெட்டுப்போச்சு சாமி. தூக்கிப் போட்டுடவா?”

“எத்தனை வருஷமா உள்ள இருந்துச்சோ. திறங்க.”

“தாங்க முடியல சாமி.”

“மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் திறங்க.”

திறந்தார். சாமி ஒரு தாம்பாளத்தை நீட்டினார். கருத்து ஈரமாக ஒட்டிக்கிடந்த இலைத் துண்டுகளைத் தாண்டவராயன் அதில் உதிர்த்துப் பரப்பினார். சாமி பைப்பை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“பிடிக்கலையா சாமி?”

“இப்பத்தானே திறந்திருக்கு.”

“பிடிச்சா என்ன ஆகும்?”

“ஈரம் காயல. நாக்கைக் கடிக்கும்.”

“அடுப்புப் பக்கத்துல வைக்கட்டுமா? சீக்கிரம் காஞ்சுடும்.”

“காஞ்சுடும். ருசி வராது.”

“அப்ப நாம என்ன செய்யறது?”

“இப்படிப் பக்கத்துல உக்காந்திருக்கிறதுதான். மறந்துட்டாலும் சருகாயிடும்.”

தாண்டவராயன் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர, மனசு பஸ் நிற்கிற இடத்தில்தான் இருந்தது. வெயிலுக்கு நிழல் இருக்கிறதோ இல்லையோ. சாப்பிட்டுவிட்டு வந்தாளோ இல்லையோ. கேட்கக்கூட இல்லையே என்று இப்போதுதான் உறைத்தது.

சாமி அவ்வப்போது ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். அது கட்டியாகவே நின்றால் திரும்பப் போட்டுவிடுவார். தோட்டத்தில் யாரோ மிளகுக் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. சாமி ஒரு சிட்டிகையை அழுத்தி விட்டார். இந்தத் தடவை அது மெல்லப் பிரிந்து விரிந்தது. அதைத் தாண்டவராயனின் மூக்கருகே நீட்டினார்.

“இப்ப என்ன வாசம் வருது?”

தாண்டவராயன் பயந்து பயந்துதான் முகர்ந்தார். பிறகு இன்னொரு தடவை, நன்றாக இழுத்து முகர்ந்தார்.

“பேரீச்சம்பழம் மாதிரி இருக்கு சாமி. நல்லாருக்கு. இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“எங்கேர்ந்தும் வரல. முதல்லேர்ந்தே இருந்ததுதான்.”

“அப்ப முதல்ல அடிச்ச அந்த நாத்தம்?”

“அது புகையிலை வாசம் இல்ல முதலாளி. மூடி வச்சிருந்த வாசம்.”

தாண்டவராயன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“சாமி, எம்மவ சொன்னதெல்லாம் நிசம். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?”

“பதில் கேட்டாங்களா?”

தாண்டவராயன் யோசித்தார். இல்லை. அவள் கேட்டதெல்லாம்கூடப் பதிலுக்காக இல்லை. சொல்ல மட்டும்தான் வந்திருந்தாள்.

எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

“போய் நின்னா மறுபடியும் ஆரம்பிப்பா சாமி. இன்னும் நிறைய வச்சிருப்பா. இதைவிட மோசமா இருக்கும்.”

“இருக்கும்.”

“நான் என்ன செய்ய?”

சாமி அவர் வலது கையைப் பார்த்தார். பாத்திரக்கடையில் பழகின கை அது. மூடி தவறிப்போன பாத்திரம் விலைபோகாது என்று எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் மூடியைக் கீழே வைக்காது. காலையிலிருந்து அந்தத் தகர மூடி அந்தக் கையிலேயே இருந்தது. விளிம்பு அழுந்தி உள்ளங்கை சிவந்திருந்தது. தாண்டவராயனுக்கு அது தெரியவே இல்லை.

“அதை இங்க வச்சுட்டுப் போங்க” என்றார் சாமி.