அசல் எஞ்சின், அசல் எலி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற ரோட்டில் சென்னியப்பன் மேஸ்திரியின் மோட்டார் பட்டறை இருக்கிறது. அங்கே வண்டியை விடுகிறவர்கள் வாயை அளந்து திறக்க வேண்டும். மேஸ்திரியும் அவரிடம் வேலை பார்க்கும் கருப்பண்ணன், நாச்சிமுத்து, ஆறுக்குட்டி மூவரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். சொல்லாததைச் செய்யவே மாட்டார்கள். இப்படி நாலு பேர் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம் என்று ஊரில் எல்லோரும் சொல்வோம், கொஞ்சம் தள்ளி நின்று.

என் ஸ்கூட்டரை ஒரு தடவை அங்கே விட்டேன். "பிரேக் பிடிச்சா கீச்சுனு சத்தம் வருது. அந்தச் சத்தம் வரக்கூடாது" என்றேன். சாயங்காலம் போனால், பிரேக்கைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் நான் புளியமரத்தில் மோதியபோதுகூடச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது, வண்டியிடமிருந்து வரவில்லை.

இப்படிப்பட்ட பட்டறைக்குத்தான் சிவகுப்புசாமி தன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுபோனார்.

சிவகுப்புசாமி தென்னந்தோப்புக்காரர். அவருடைய அப்பா வால்பாறை எஸ்டேட் துரை ஒருவரிடமிருந்து வாங்கிய சிவப்புக் கார் அது. கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். கல்யாணத்தன்று புதுப்பெண் பூங்கோதையை அதில்தான் வீட்டுக்குக் கூட்டிவருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கார் கோயில் வாசலிலேயே படுத்துவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கண்டக்டர் டிக்கெட்டும் கேட்டிருக்கிறார்.

அதற்கப்புறம் கார் தேங்காய்க் கொட்டகைக்குள் போனது, வெளியே வரவில்லை. பூங்கோதை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ரோட்டில் பஸ் போனால் மட்டும் தலையைத் திருப்பிப் புருஷனை ஒரு பார்வை பார்ப்பார். எங்கள் ரோட்டில் பஸ் ரொம்ப அதிகம்.

இப்போது சிவகுப்புசாமிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அதே கோயில், அதே பெண். இந்தத் தடவையாவது அந்தக் காரில் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் பஸ் சத்தம் கேட்டுத் தலை குனிய வேண்டியதுதான் என்று மனுஷர் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தார். பெரிய பட்டறைக்காரர்கள் எல்லோரும் "வேற எஞ்சினைப் போட்டுக்கலாங்க" என்றார்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அன்றைக்குத் தன் காலை வாரிய அதே எஞ்சின்தான் இன்றைக்கு இழுத்துப் போக வேண்டும்.

"மேஸ்திரி, நல்லாக் கேட்டுக்குங்க" என்றார். "ஒண்ணையும் மாத்தக்கூடாது. உள்ள இருந்தது அத்தனையும் திரும்ப உள்ள போயிரோணும். கழட்டுன வரிசைலயே மாட்டோணும். வண்டி ஓடோணும்."

"சொல்லீட்டீங்கல்ல, இனி உடுங்க" என்றார் மேஸ்திரி. சிவகுப்புசாமி நிம்மதியாகப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார்.

கழற்றும் வேலை ஒழுங்காகவே நடந்தது. சுரண்டிய துருவைக்கூடக் கீழே சிந்தாமல் பேப்பரில் பொட்டலம் கட்டினார்கள். கடைசியில் சைலன்சர் குழாயைத் தட்டியபோது, உள்ளிருந்து தேங்காய் நார், பழைய துணி, புளியங்கொட்டை எல்லாம் சேர்ந்த ஒரு கூடு விழுந்தது. கூட்டுக்குப் பின்னால் ஓர் எலி வந்தது. நாலு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போயிற்று.

மாட்டும்போதுதான் முதல் சிக்கல்.

"மொதல்ல கழட்டுனது கார்புரேட்டருங்க. அப்ப மொதல்ல மாட்டறதும் அதுதானுங்களே" என்றார் கருப்பண்ணன்.

"எதுல மாட்டறது? எஞ்சினே இன்னும் வரலையே" என்றார் நாச்சிமுத்து.

மேஸ்திரி தாடையைத் தடவினார். "ரேசன் கடைல மொதல்ல வந்து நின்னவனை, சக்கரை மூட்டை இன்னும் வரலைன்னு வரிசையை உட்டுத் தள்ளீருவாங்களா?"

"அதெப்படிங்க தள்ளுவாங்க?"

"அப்ப அது பாட்டுக்கு நிக்கட்டும்."

கார்புரேட்டரை அது இருக்க வேண்டிய உயரத்தில் தேங்காய்க் கயிற்றால் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்துக் கழற்றியதை அதன் பக்கத்தில். இப்படியே வால்வு, பிஸ்டன், போல்ட்டு, நட்டு எல்லாம் அந்தரத்தில் வரிசைப்படி வந்து சேர்ந்தன. நான் எட்டிப் பார்த்தபோது பட்டறை கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. கடைசியாக எஞ்சினின் பெரிய இரும்பு உடலைச் சங்கிலி போட்டு அந்தத் தோரணத்துக்கு நடுவே தூக்கி, ஒவ்வொன்றாக முடுக்கினார்கள். எல்லாம் பொருந்திவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அவர்களையும் கேட்காதீர்கள்.

எஞ்சினைக் காரில் இறக்கிச் சாவியைத் திருப்பினார்கள். ஓடியது. சும்மா ஓடவில்லை, அப்படியொரு கம்பீரத்தோடு உறுமியது. டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். எனக்கே நெஞ்சு நிறைந்துபோயிற்று, என் ஸ்கூட்டரைக்கூட மன்னித்துவிட்டேன். மேஸ்திரி சிவகுப்புசாமிக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார். மறுமுனையில் அவர் அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

அழுது முடித்துக் கேட்டார்: "நான் சொன்னதெல்லாம் ஞாவகம் இருக்குதல்ல? உள்ள இருந்தது அத்தனையும் உள்ள போயிருச்சுங்களா?"

மேஸ்திரி போனைக் கையால் பொத்திக்கொண்டு மூலையில் கிடந்த கூட்டைப் பார்த்தார். பிறகு, "இன்னிக்குள்ள போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

கூடு இருந்தது, எலி இல்லை. மசால் வடை வைத்துப் பொறி போட்டார்கள். மூன்று எலிகள் விழுந்தன. மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

"அசல் எலின்னா புகை வாசம் அடிக்குமுங்க" என்று சொல்லி ஆறுக்குட்டி மூன்றையும் மோந்து பார்த்தார். மூன்றிலும் வடை வாசம்தான் அடித்தது.

"மூணையும் உள்ள உட்டுட்டா என்னங்க?" என்றார் நாச்சிமுத்து.

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு எலி இருந்த எடத்துல மூணு எலியா? மாத்தக்கூடாதுன்னு அந்த மனுசன் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. நம்பி வந்தவருக்குத் துரோகம் பண்றதா?"

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். கூட்டைச் சைலன்சருக்குள் திணித்து, எலிகளைக் குழாய் முன்னால் விட்டார். இரண்டு எலிகள் தெறித்து ஓடின. மூன்றாவது, வெளியூர் போய் வந்தது போல விறுவிறுவென்று உள்ளே போயிற்று.

"வீட்டுக்காரன் வந்துட்டான்" என்றார் மேஸ்திரி. துருப் பொட்டலத்தையும் ஒரு நூலால் எஞ்சினில் கட்டினார்கள்.

கல்யாணக் காலை. நால்வரும் காரைத் தள்ளிக்கொண்டே போய் சிவகுப்புசாமி வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். பூங்கோதை பட்டுப் புடவையில் ஏறி உட்கார்ந்தார். பூமாலை போட்ட சிவகுப்புசாமி சாவியைத் திருப்பினார். கார் இருமியது, நின்றது. மறுபடி இருமியது. ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. பூங்கோதை தலையைத் திருப்பினார்.

"ஏனுங்க மேஸ்திரி, ஸ்டார்ட் ஆகமாட்டீங்குதே?" என்றார் சிவகுப்புசாமி.

"அசல் எஞ்சின்ங்க. கொட்டாயில இருந்தப்பவும் இப்பிடித்தானுங்களே இருந்துச்சு" என்றார் மேஸ்திரி பெருமையோடு.

அவர் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் ரோடு இறக்கம். கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். கார் வேகமெடுத்தது. அவர் கியரைப் போட்டார். பின்பக்கம் வேட்டு வெடித்தது போல ஒரு சத்தம். கூடு பறந்து பந்தலில் விழுந்தது. எலி கரி அப்பிய உடம்போடு நடுரோட்டில் குந்திக்கொண்டு எங்களை முறைத்தது. கார் உறுமிக்கொண்டு பறந்தது. பூங்கோதையின் முந்தானை காற்றில் எழும்பியதையும், அவர் கை புருஷன் தோளைப் பிடித்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேஸ்திரிக்கும்தான் கலங்கியது. "அய்யோ, சாமான் உளுந்துருச்சு" என்று எலியை அள்ளிக்கொண்டு ஓடினார். கூட்டை எடுத்துக்கொண்டு மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள்.

கோயிலில் தாலி கட்டி முடிந்து தம்பதி வெளியே வந்தார்கள். நாலு பேரும் வேர்த்து விறுவிறுத்துக் கார் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"பயப்படாதீங்க, வழியில உளுந்ததைத் திரும்ப வெச்சுட்டோமுங்க" என்றார் மேஸ்திரி. "இனி உளுகாது. தென்னங்கட்டையைச் சீவிக் கொழாய்க்குள்ள அடிச்சு எறக்கிட்டோம். எலிக்கு மூச்சு முட்டுமேன்னு சின்னதா ஓட்டை உட்டிருக்கறோமுங்க."

கட்டையை ஆறு பேர் சேர்ந்து இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. வீட்டுக்குப் போகிற வழியோ மேடு. அப்போது டவுன் பஸ் வந்தது.

மாலையும் கழுத்துமாக இருவரும் ஏறினார்கள். சிவகுப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பூங்கோதை அவரைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டார்.

மேஸ்திரி பஸ்ஸைப் பார்த்துக் கைகூப்பினார். "பாத்தீங்களாடா, அன்னிக்கும் கார் கோயில் வாசல்ல நின்னுது, இன்னிக்கும் நின்னுது. அன்னிக்கும் இதே பஸ்ஸு. ஒண்ணுகூட மாறலை. அசல்னா இதுதான்."

ஆறுக்குட்டி பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். "கண்டக்டர் வேற ஆளுங்க, மேஸ்திரியண்ணா. அன்னிக்கு இருந்தவரு ரிட்டயர் ஆயி கோட்டூர்ல இருக்கறாரு."

மேஸ்திரியின் முகம் தொங்கிப்போயிற்று. ஒரு கணம் யோசித்தார். பிறகு ஆறுக்குட்டியைக் கோட்டூருக்கு விரட்டிவிட்டு, பஸ்ஸுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"செத்த நேரம் இருங்க டிரைவர், ஆள் போயிருக்குது."