எட்வின் சார் கேட்ட பீஸ்

தென்காசியில் லோடு ஆட்டோ ஓட்டும் ஆவுடைத்தங்கம் பேங்க் கடனில் இரண்டு தவணை தவறிவிட்டாள். சிபில் ஸ்கோர் இறங்கிவிட்டது என்று, புது வண்டிக்குக் கடன் தர பேங்கில் மறுத்துவிட்டார்கள். பழைய வண்டியோ இன்றோ நாளையோ என்று இருந்தது. ஸ்கோரை ஏற்றித் தருவதாக போர்டு வைத்திருந்த ஒரு கம்பெனிக்குப் போனாள்.

அங்கே ஏழெட்டுப் பேர் பணத்தோடு காத்திருந்தார்கள். கோட்டு போட்ட முதலாளி எட்வின், சாய்ந்து உட்கார்ந்தபடி, "பேங்குக்கு நீ ஒரு பைசா கட்ட வேண்டாம். தவணை தவறினதே தெரியாம ரெக்கார்டை மாத்திடுவேன். என் பீஸ் பதினஞ்சாயிரத்தை மட்டும் இப்பவே வை" என்றார்.

"கட்டாத தவணையைக் கட்டினதா மாத்திடுவீங்களா சார்?"

"எனக்கு அது ரெண்டு நிமிஷ வேலை."

"அப்போ உங்க பீஸையும் நான் கட்டிட்டதா மாத்திக்கோங்க. பேங்க் ரெக்கார்டையே மாத்துறவருக்கு சொந்த நோட்டுல எழுதுறது பெரிய காரியமா?"

எட்வினுக்கு முகம் சிவந்துவிட்டது. "கட்டாத காசைக் கட்டினதா எவனாவது எழுதுவானா?" என்று கத்தினார்.

காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோருமே சிரித்தபடி, பணத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

ஆவுடைத்தங்கம் நேரே பேங்குக்குப் போய், பீஸுக்கென்று கொண்டுவந்திருந்த பணத்தில் இரண்டு தவணையையும் கட்டினாள். அதன்பின் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஸ்கோர் மெள்ள மெள்ள ஏறியது. அடுத்த வருஷம் புது வண்டி வாங்கினாள், யாருக்கும் பீஸ் கொடுக்காமல்.