காலையின் முதல் சிவப்பு

"எல்லாம் பச்சை டீச்சர். ஆனா பயமா இருக்கு."

லீவு முடிந்து அப்போதுதான் வந்த டீச்சரிடம் வேதமுத்து இப்படிச் சொன்னபோது காலை பதினொரு மணி. அவருக்கு வயது நாற்பத்தெட்டு. டீச்சருக்கு முப்பத்திரண்டு. பிரம்மசக்தி என்ற அவர் பெயரை அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை; வேலை சொல்லிக்கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர்.

"பயம் எங்க இருக்கு அண்ணாச்சி?"

வேதமுத்து வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"இது பட்டன்கிட்ட போக மாட்டேங்கு."

அவர்கள் செய்த வேலை இது. எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களில் என்ன தகவல் கிடங்கு வேண்டும், எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு, உள்ளே யார் போகலாம் என்று எழுதுவார்கள். பட்டனை அழுத்தினால் எழுதியபடியே அது எழும்பிவிடும். தவறாக எழுதினால் தவறாகவே எழும்பும்.

அதனால் அழுத்துவதற்கு முன்பு ஒரு காவல் புரோகிராம் அந்த எழுத்தை நூற்றுப் பன்னிரண்டு விதிகளோடு ஒத்துப்பார்க்கும். ஒரு விதி மீறியிருந்தாலும் சிவப்பு. இல்லையென்றால் பச்சை.

அன்றைய கிடங்குக்குள் போக இருந்தவை எட்டு வீடுகளின் முகவரிகள். கொல்ல வந்த புருஷன்மாரிடமிருந்து தப்பி வந்த பெண்கள் ஒளிந்திருக்கிற வீடுகள். இன்னும் மூன்று வீடுகளின் முகவரி போன செவ்வாய்க்கிழமையே வேறு கிடங்குக்குப் போய்விட்டது. அதையும் அனுப்பியவர் வேதமுத்துதான்.

"பழைய கம்பெனி ஞாபகமா?" என்று டீச்சர் கேட்டார்.

வேதமுத்து விரலை மடக்கிக்கொண்டார்.

பழைய கம்பெனியில் ஒரு கிடங்கின் கதவு இரண்டு நாள் திறந்து கிடந்தது. மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. பொறுப்பாளர் என்ற இடத்தில் பெயர் எழுதியிருந்தவர் வேதமுத்து மட்டும். அவரைத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். மற்ற இரண்டு பேரும் இன்றைக்கு மேனேஜர்கள். ஒருவருக்குக் கம்பெனியே கார் கொடுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தைக் காலியாகவே விடுவார். அதற்காக டீச்சர் அவர் எழுதியதை நாலு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். நாலு தடவை என்பதை வேதமுத்து மறக்கவில்லை.

"எத்தனை நாளா பச்சை?"

"நீங்க லீவுல போனதுல இருந்து. மூணு வாரம். ஒரு சிவப்பு இல்ல டீச்சர்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

டீச்சர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லிட்டுப் போனதைத் தினமும் செஞ்சீங்களா?"

"செஞ்சேன்."

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வந்ததும் வேண்டுமென்றே ஒரு தவறான கிடங்கை எழுதுவார். பூட்டு இருக்காது. கதவு ஊருக்கே திறந்திருக்கும். அதைக் காவலிடம் கொடுப்பார். சிவப்பு விழுவதைக் கண்ணால் பார்ப்பார். பிறகு அதை அழித்துவிட்டுத்தான் அன்றைய வேலையை ஆரம்பிப்பார்.

"டீச்சர் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டுதாங்க" என்று மாடியில் சிரிப்பார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள். யார் யார் என்று தெரியும். இங்கே வேண்டாம்.

"அப்ப இன்னைக்கும் செய்யுங்க. என் முன்னால" என்றார் டீச்சர்.

வேதமுத்து உட்கார்ந்தார். ஒரு கிடங்கு எழுதினார். பூட்டு இல்லை. யாரும் வரலாம். பொறுப்பாளர் காலி. எழுதியதை எல்லாவற்றோடும் சேர்த்து வைத்தார். காவலை ஓடவிட்டார்.

பச்சை.

"திரும்ப" என்றார் டீச்சர்.

பச்சை.

வேதமுத்து விசையிலிருந்து கையை எடுத்தார்.

"டீச்சர், நான் ஒரு நாள்கூட செய்யல."

"தெரியுது."

"கோவத்துல விட்டுட்டேன். நாலு தடவை திருப்பி அனுப்பினீங்கல்லா."

டீச்சர் திரையின் அடியில் பச்சைக்குக் கீழே இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்தார்.

"வாசிங்க."

"பார்த்தவை பூஜ்யம். தவறு பூஜ்யம்."

"மூணு வாரமா இதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தவறு பூஜ்யம்னு மட்டும் பார்த்தேன்."

"எழுதினதெல்லாம் எங்க இருக்கு?"

"புது ஃபோல்டர்ல. நீங்க போன மறுநாள் நான்தான் ஒழுங்குபண்ணி மாத்தி வச்சேன்."

"காவலுக்கு அதைச் சொன்னீங்களா?"

வேதமுத்து எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. காவல் மூன்று வாரமாகப் பழைய ஃபோல்டரின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு தவறும் இல்லை.

"மூணு வாரத்துல எத்தனை அனுப்பினீங்க?"

"முப்பத்தாறு."

டீச்சர் காவலுக்குப் புது ஃபோல்டரைக் காட்டினார். விசையைத் தட்டினார்.

சிவப்பு.

முதல் சிவப்பு வேதமுத்து சற்றுமுன் எழுதிய திறந்த கிடங்கு. அடுத்தது பூட்டில்லாத ஏதோ ஒன்று. மூன்றாவதில் வேதமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"திறங்க. வாசிங்க."

"வெளியாருக்குத் திறந்திருக்கிறது. காப்பக முகவரி, மூன்று வீடுகள். பொறுப்பாளர் காலி."

டீச்சர் அந்தக் கிடங்கின் கதவை அடைத்தார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு யார் வந்து போனார்கள் என்ற பதிவைத் திறந்தார். அதற்கு வெகுநேரம் ஆனது. வேதமுத்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒருத்தர் வந்திருக்காங்க. மூணு பக்கத்துல ஒரே ஒரு பக்கத்தைத்தான் திறந்திருக்காங்க. ரெண்டாவது வீடு."

"யாரு?"

"தெரியாது."

"சும்மா தேடிக்கிட்டே வந்தவனா இருக்கும். கதவு திறந்திருக்கான்னு பாக்கிற ஆளுங்க இருக்காங்கல்லா. அப்படித்தானே டீச்சர்? அப்படியும் இருக்கலாம்லா?"

"இருக்கலாம்."

வெள்ளிக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவே நாலு நாள்.

டீச்சர் அந்த வீட்டின் எண்ணை எழுதி, தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

"வீட்டை மாத்தச் சொல்லணும். இப்பவே."

"நீங்க பேசுங்க டீச்சர். உங்களைத்தான் அவங்களுக்குத் தெரியும்."

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார்.

வேதமுத்து எண்ணை அழுத்தினார். அதே விரல். மணி அடித்தது. ஐந்து தடவை. ஆறு தடவை. ஏழாவதும் அடித்தது.

எடுத்தார்கள்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவளைப் போல ஒரு பெண் அடங்கிய குரலில் கேட்டாள்.

"யாரு?"

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பொறுப்பாளர் என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது.

"யாரு பேசுறது?"

"வேதமுத்து" என்றார்.