தழை கிடந்த இடம்

ஏகாம்பரத்துக்கு வழி தவறாது. அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். முப்பத்துநாலு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலியும் கையுமாக அலைந்தவர். வரைபடத்தை விரித்தால் போதும், ஓடை எங்கே, மேடு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

ஓய்வு பெற்ற கையோடு தடித்த டயர் போட்ட கிராவல் சைக்கிள் ஒன்றை வாங்கினார். ஜவ்வாது மலையின் மண்ரோடு, சரளை, காட்டுத்தடம் எதிலும் போகும். அதை ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் சுகந்தி. அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். வயது முப்பத்திரண்டு. அவளிடம் சைக்கிள் பழகியவர்கள் பதினாலு பேர். எல்லோருக்கும் அவள் கோச். அவளுக்கு ஏகாம்பரம் சார். சரளையில் வழுக்கி விழுந்து அவர் முட்டியைப் பேர்த்துக்கொண்ட அன்றும் “எந்திரிங்க சார்” என்றாளே தவிர, கை கொடுக்கவில்லை.

ஞாயிறுதோறும் பதினாலு பேரும் மலை ஏறுவார்கள். முன்னால் போகிறவர் கழுத்தில் விசில் தொங்கும். சுகந்தி எப்போதும் கடைசியில் வருவாள்.

அந்த விசில் மேல் ஏகாம்பரத்துக்குக் கண். மூன்று தடவை கேட்டுவிட்டார்.

“கோச், முன்னால போக எனக்கு என்ன குறை?”

“டீ ஆறுது சார், குடிங்க” என்றாள் முதல் தடவை. இரண்டாம் தடவையும் அதையேதான் சொன்னாள். மூன்றாம் தடவை, “வழி கண்டுபிடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

கண்டுபிடித்திருந்தார். பழைய அளவைப் படத்தைத் தோண்டி எடுத்து, புலிக்கல் பாறைக்குச் சைக்கிளில் யாரும் போகாத தடம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். பதினெட்டு கிலோமீட்டர், முழுக்கக் காடு.

“வெள்ளிக்கிழமை என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் பார்ப்போம்” என்றாள் சுகந்தி.

வாய் சும்மா இருந்திருக்கலாம். அன்று சாயங்காலமே பெங்களூரில் இருக்கும் மகள் தமயந்திக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேருக்கும் நான்தான் முன்னால் போகிறேன் என்று சொல்லிவிட்டார். இந்த வயதில் காட்டுக்குள் சைக்கிள் எதற்கு என்று ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவள், “நானும் வந்து பார்க்கிறேம்பா” என்றாள். இனி இல்லை என்று சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் கிளம்பினார்கள். ஏகாம்பரம் முன்னால், சுகந்தி ஒரு வளைவு பின்னால். ஹேண்டிலில் மாட்டிய போனில் நீலக்கோடு வழிகாட்ட, ஒரு இடத்திலும் அவர் தயங்கவில்லை.

பாதி ஏற்றத்தில் பச்சைத்தழைக் கொப்பு ஒன்று பாதையில் பாதிக்கு நீட்டிக்கொண்டு கிடந்தது. யாரோ ஒடித்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை இதில் டயர் ஏறி யாராவது சறுக்கினால்? இறங்கி, கொப்பைத் தூக்கிச் சரிவில் வீசினார். கையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறி மிதித்தார். சுகந்தி வளைவு திரும்பியபோது பாதை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

புலிக்கல் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

“நல்ல வழி சார்” என்றாள் சுகந்தி.

“அப்போ ஞாயிற்றுக்கிழமை?”

“போனைக் குடுங்க.”

கொடுத்தார். அவள் அதை அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“இப்போ கீழே கூட்டிட்டுப் போங்க.”

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே ஏகாம்பரம் இறங்கினார். இருபது நிமிஷம் ஜோராகப் போயிற்று. பிறகு பிரேக்கை அழுத்தி நின்றார். எதிரே பாதை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சரளையில் டயர்த்தடமும் பதிந்திருக்கவில்லை.

“வரும்போது ஒண்ணுதானே இருந்துச்சு!”

“வரும்போது ரெண்டு வந்து ஒண்ணா சேர்ந்துச்சு சார். நீங்க திரும்பிப் பார்க்கலை.”

“எது நம்ம வழி?”

“முன்னால போறவர் நீங்க.”

அகலமாக இருந்ததால் வலப்பக்கத்தைப் பிடித்தார். இரண்டு கிலோமீட்டர் இறங்கியதும் ஒரு பள்ளம் வந்தது. அதற்கு மேல் வழி இல்லை. சுகந்தி சைக்கிளைத் திருப்பினாள். ஏற்றம் செங்குத்து, தள்ளிக்கொண்டுதான் ஏற முடிந்தது. மூச்சு வாங்கியதைவிட வெட்கம்தான் அவரை அதிகம் வாட்டியது.

மறுபடி அந்தப் பிரிவுக்கு வந்தபோது ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். தலையில் கடுக்காய் மூட்டை. அழுகிற மாதிரி இருந்தது முகம்.

“ஐயா, இங்க தழை கிடந்துச்சா, பார்த்தீங்களா?”

“தழையா?”

“காலையில ஏறுறப்போ எங்க அத்தை ஒடிச்சுப் போட்டாங்க. நான் வாக்கப்பட்டு வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது, இந்தக் காடு எனக்குப் புதுசு. அத்தை இன்னும் மேலதான் பொறுக்கிட்டு இருக்காங்க. ‘முதல் மூட்டையை வீட்ல போட்டுட்டு வா, தழை கிடக்கிற தடத்துல மட்டும் போயிடாதே, அங்க கரடி நடமாட்டம்’னு சொல்லி அனுப்புனாங்க. இங்க பார்த்தா தழையையே காணோம். ரொம்ப நேரமா நிக்கிறேங்கய்யா.”

ஏகாம்பரம் சட்டென்று திரும்பினார். இடது கைப்பக்கம் பார்த்தார். அதே சரிவு. கீழே புதர் மேல் பச்சைத்தழை இன்னும் வாடாமல் கிடந்தது.

சுகந்தி அதைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் போம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணும் போய்விடுவாள். வழி தவறியதை மட்டும் ஒப்புக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கெஞ்சிக் கேட்க இடம் உண்டு. அவ்வளவும் ஒரு கணத்தில் அவர் மனசில் ஓடியது.

“நான்தாம்மா எடுத்துப் போட்டேன்” என்றார்.

சுகந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்குய்யா எடுத்தீங்க?” என்றாள் அந்தப் பெண். கோபம்கூட இல்லை அவளுக்கு, ஆச்சரியம்தான்.

“பாதை சுத்தமா இருக்கட்டும்னு.”

“சுத்தமா இருந்தா வழி எப்படிய்யா தெரியும்?”

முப்பத்துநாலு வருஷம் அளந்தவர் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். சரிவில் இறங்கினார். முள் கிழித்தது. கொப்பை எடுத்து வந்து வலப்பக்கத் தடத்தின் வாயில் போட்டார்.

“அப்படி இல்லய்யா. குறுக்கால போடுங்க. மேல ஒரு கல்லு வைங்க, இல்லேன்னா மாடு இழுத்துடும்.”

குறுக்காகப் போட்டார். கல் வைத்தார். பிறகு அவள் தலையிலிருந்த மூட்டையை இறக்கித் தன் சைக்கிள் மேல் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் இடப்பக்கத் தடத்தில் நடந்தார்கள். அவள் ஊர் வரும் வரைக்கும் ஏகாம்பரம், ஒரு தடம் வந்து சேரும் இடத்திலெல்லாம் நின்று திரும்பிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி வைத்ததும் அந்தப் பெண் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். தான் குடித்த கையோடு, “அத்தை தேடுவாங்க” என்று வெறும் சாக்கை உதறிக்கொண்டு மறுபடியும் மலை ஏறிப் போய்விட்டாள். இந்தத் தடவை அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை.

தார் ரோடு வந்ததும் ஏகாம்பரம் நின்றார்.

“கோச், ஞாயிற்றுக்கிழமை வேற யாரையாவது முன்னால விடுங்க. என் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“இன்னைக்கு நடந்ததைத்தான்.”

சுகந்தி தலைக்கவசத்தைக் கழற்றினாள். முள் கிழித்தது அவரைத்தான் என்றாலும் வலி அவள் முகத்தில் இருந்தது.

“ஆறு வருஷமா இந்த மலையில ஓட்டுறேன் சார். தழை கிடக்கும், பார்த்திருக்கேன். காத்துல ஒடிஞ்சு விழுந்ததுன்னு நினைச்சு எத்தனை தழை மேல ஏத்தி ஓட்டியிருக்கேனோ, எத்தனை பேர் அப்படி நின்னாங்களோ.”

ஏகாம்பரம் கையில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்தார்.

அவள் பையைத் திறந்து அவருடைய போனைக் கொடுத்தாள். கூடவே விசிலையும் எடுத்து நீட்டினாள்.

“நம்ம பதினாலு பேர்ல தழையைப் பார்த்தா நிக்கப் போற ஆள் நீங்க ஒருத்தர்தான் சார். நீங்க முன்னால போகலைன்னா வேற யார் போறது?”